இணைய மன்றுக்கு ஓர் ஓலை

விழா மலரென்றால் ஆசிரியர்மாரின் அருங்குணங்களையும், விடுதி வாழ்க்கையின் இன்ப துன்பங்களையும், விளையாட்டு மைதானத்து வெற்றிகளையும் நினைவுகூர்வது மரபு. அவற்றை எழுத எம்மினும் வல்லார் பலர் உளர். உத்தியோக நிமித்தம் பதுளைக்கு வந்து, இம்மலைநாட்டையே வாழ்விடமாகக் கொண்டுவிட்ட நாம், இங்குள்ள தோட்டத்து இளைஞரோடு பழகி அறிந்த காரியமொன்றை மாணவ நண்பர்க்கு எடுத்துரைக்க விழைகின்றோம். இணையத்திலே தம்மைப் பற்றிய விவரக்குறிப்பொன்றை அமைத்து, தொழில் கொள்வோர் தம்மைத் தேடிக் கண்டுகொள்ளுமாறு செய்தலே அக்காரியம்.

நாம் மாணவராயிருந்த காலத்தில் உத்தியோகம் தேடுவோர்க்கு வழிகள் இரண்டே. ஒன்று, அரசாங்க வர்த்தமானியிலும் வீரகேசரி, தினகரன் முதலிய பத்திரிகைகளிலும் வரும் விளம்பரங்களைப் பார்த்து விண்ணப்பித்தல். மற்றொன்று, தெரிந்தவர் ஒருவரின் சிபாரிசு. கொழும்பிலே மாமனோ மைத்துனனோ உத்தியோகம் பார்த்தவர்க்கு இரண்டாம் வழி எளிதாயிருந்தது. பசறையிலும் மடுல்சீமையிலும் அப்புத்தளையிலும் கொழுந்து பறிப்பவரின் பிள்ளைக்கு அத்தகைய மாமன் எங்கே கிடைப்பான்?

தோட்டத் தொழிலாளியைப் பற்றி ஏட்டில் எழுதும் உரிமை நெடுங்காலம் பிறர் கையிலேயே இருந்தது. கங்காணி அவனுக்காகப் பேசினான். ‘துண்டு’ என்னும் சீட்டு அவன் கடனைச் சொல்லிற்று. அக்கடனைப் புதிய தோட்டத்தார் தீர்த்தாலன்றி அவன் பழைய தோட்டத்தை விட்டு நீங்குதல் அரிது. துண்டு முறை 1921 இல் ஒழிந்தது. அதன் பின்னரும் செக்ரோலில் அவன் பெயரும் வேலைநாளும் பதிந்தனவேயன்றி, அவன் என்னென்ன வல்லான் என்பது எங்கும் பதியவில்லை. 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமோ, இந்நாட்டுப் பிரசைகளின் ஏட்டிலேயே இம்மக்களிற் பெரும்பாலார்க்கு இடமின்றிச் செய்தது. அந்த வமிசத்திற் பிறந்த பிள்ளை இன்று தன்னைப் பற்றித் தானே எழுத அமர்கின்றது. இதனைச் சிறிய காரியமென்று நாம் கருதவில்லை.

2003 இல் தொடங்கிய லிங்க்ட்இன் இவ்வகைத் தளங்களிற் பெயர்பெற்றது. ஆள் தேடும் நிறுவனத்தார் அங்கே தமக்கு வேண்டிய தகைமைகளையும் ஊரையும் சொற்களாக இட்டுத் தேடுவர். அச்சொற்கள் எவருடைய குறிப்பில் உளவோ அவர் பெயர் முன்வரும். ஆற்றல் இருந்தும் அதனை எழுதாதவர், இருந்தும் இல்லாதவரே. தேடுவோர் பெரும்பாலும் ஆங்கிலத்திலே தேடுதலின், குறிப்பையும் எளிய, பிழையற்ற ஆங்கிலத்தில் எழுதுதல் நன்று.

இங்கே எம் பிள்ளைகளைத் தடுப்பது நாணம். “எம்மை நாமே புகழ்வதா?” என்று தயங்குகின்றனர். இவ்வையத்தை நம் முன்னோரே தீர்த்து வைத்துள்ளனர். பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் தற்புகழ்ச்சி தகாதென்று கூறிய பின்னர், அதற்கு விலக்காக நான்கு இடங்களைக் காட்டுகின்றார். அரசவைக்கு ஓலை விடுக்குமிடம் அவற்றுள் ஒன்று. நம் திறம் அறியாதார் நடுவே நிற்குமிடம் மற்றொன்று. வேலை தேடுவோன் இவ்விரண்டிடத்தும் ஒருங்கே நிற்கின்றானன்றோ? ஆயின், கல்லாததைக் கற்றதாக எழுதுதல் புகழ்ச்சியன்று, பொய். நேர்முகப் பரீட்சையின் முதற் கேள்வியிலேயே அது வெளிப்பட்டுவிடும்.

சென்ற சில ஆண்டுகளில் இளைஞர் சிலர் தம் குறிப்புகளை எம்மிடம் கொணர்ந்து காட்டியதுண்டு. அவருள் ஒருவர், பிறந்த தோட்டத்தின் பெயரை அறவே விட்டிருந்தார். காரணம் வினவினோம். முன்னொரு நேர்முகப் பரீட்சையில், முகவரியைக் கண்டதும் கேள்விகள் சுருங்கிவிட்டன என்றார். உடனே மறுமொழி கூற எமக்கு நா எழவில்லை. பின்னர் சொன்னோம்: “தம்பி, வீட்டு முகவரியை உலகெலாம் காண எழுத வேண்டுவதில்லை, மாவட்டம் போதும். ஆனால் தோட்டத்திலே நீர் செய்த வேலையை ஏன் மறைக்கின்றீர்?” கோவில் திருவிழாக் கணக்கை அவர் மூன்றாண்டு எழுதியிருந்தார். முதியோர்க்கு ஊழியர் சேமலாப நிதி விண்ணப்பங்களைச் சிங்களத்தில் நிரப்பிக் கொடுத்திருந்தார். மும்மொழியும் அறிந்தவர். இவையெல்லாம் தகைமை என்பது அவருக்குத் தோன்றவேயில்லை.

‘வேலை தேடுகிறேன்’ என்றிருந்த தலைப்பு வரியில் கணக்குப் பதிவும் மும்மொழிப் புலமையும் ஏறின. பெயர் பிறப்புச் சான்றிதழிலும் பரீட்சைச் சான்றிதழிலும் உள்ளவாறே திருத்தப்பட்டது. விளையாட்டுப் பெயர் கொண்ட மின்னஞ்சல் முகவரி நீங்கிற்று. சில திங்களின் பின் நிறுவனமொன்று அவரைத் தானே தேடி அழைத்தது. முதற் கேள்வி அந்தச் சேமலாப நிதி விண்ணப்பங்களைப் பற்றியதாம். அவ்வேலை வேறொருவர்க்கே கிடைத்தது. எனினும், “இம்முறை நான் செய்ததைக் குறித்துக் கேட்டார்கள், ஐயா” என்று அவர் சொன்னபோது அவர் முகத்திலே கண்ட நிமிர்வு எமக்குப் பெரிதாயிற்று.

எச்சரிக்கையும் வேண்டும். அடையாள அட்டை இலக்கத்தையும் வங்கிக் கணக்கையும் குறிப்பில் இடலாகாது. வேலை தருவதாகக் கூறி முற்பணம் கேட்பவனை அக்கணமே விலக்குக. கணினி வேலையென நம்பிச் சென்ற இலங்கையர் சிலர், மியன்மார் எல்லைப்புறத்து மோசடி முகாம்களில் அகப்பட்டு 2024 இல் மீட்கப்பட்டதை நாம் அறிவோம். கடல் கடந்து செல்ல விரும்புவோர், முகவர் அனுமதி பெற்றவரா என்பதை இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் உசாவிய பின்னரே கடவுச்சீட்டைக் கையிலெடுக்க வேண்டும். ஏலவே ஓரிடத்தில் வேலை பார்ப்போர், வேறு வேலை நாடுவதை ஆள் சேர்ப்போர்க்கு மட்டும் தெரியுமாறு அமைக்கலாம். ஆயினும் அம்மறைவு முற்றும் உறுதியானதன்று.

இறுதியாகப் பழைய மாணவர்க்கு ஒரு சொல். இத்தளங்களில் ஒருவரை அறிந்தவர் அவர் திறம் பற்றிச் சான்றுரை எழுதலாம். கொழும்பிலும் இலண்டனிலும் தொரன்ரோவிலும் உயர்பதவி வகிக்கும் நம்மவர், தாம் கண்டறிந்த ஓர் இளைஞர்க்கேனும் நேர்மையான சான்றுரை ஒன்றை எழுதுவாராக. அவர் விடுக்கும் தொடர்பு வேண்டுகோளை ஏற்பாராக. மாமனில்லாப் பிள்ளைகட்கு மாமனாய் நிற்றல் கல்லூரிச் சகோதரர் கடன். விழாவின் தீபங்கள் அணைந்த பின்னரும் செய்யக்கூடிய அறம் இது. செலவோ, அரைமணி நேரம்.