பெருநாள் விடுமுறையில் ஒரு பழைய படம்

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1956 பொங்கலுக்கு வெளியிட்ட 'அலிபாபாவும் 40 திருடர்களும்' தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமாகும். சிறுவயதில், ஒரு பெருநாள் மாலையில், அண்ணனும் நானும் அத்தாவின் இருபுறமும் அமர்ந்து அதனைக் கண்டுகளித்தோம்.

மிளகு வணிகத்தின் பொருட்டுக் கொல்லிமலை எடப்புளி நாட்டில் வசிக்கும் நான், இவ்வாண்டுப் பெருநாள் விடுமுறையில் என் பத்து வயது மகளுக்கு அப்படத்தைக் கைப்பேசியில் காட்டினேன். எம்.ஜி.ஆரும் பானுமதியும் ஆடிப்பாடிய இடங்களில் கொட்டாவி விட்டாள். (இக்காலப் பிள்ளைகளுக்குப் பாட்டென்றால் நீளம்தான்!) குகை திறந்தபோதுதான் நிமிர்ந்து அமர்ந்தாள். பேராசையால் உள்ளே புகுந்த அண்ணன் காசிம், கதவைத் திறக்கும் சொல்லை மறந்து தவித்தபோது என் கையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

"தம்பியை மதிக்காத அண்ணனைத் தேடி அலிபாபா ஏன் போகிறார், அத்தா?"

"அண்ணன் அல்லவா, அம்மா!"

"அப்படியானால் பெரியத்தா வீட்டுக்கு நாம் ஏன் போவதில்லை?"

பாகப்பிரிவினைக்குப் பின் ஏழாண்டுகளாக இரு குடும்பங்களுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நான் விடை கூறவில்லை. படம் முடியுமுன் அவள் உறங்கிவிட்டாள்.

மறுநாள் முதல் பேருந்தில், 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மலையிறங்கி நாமக்கல் சென்றோம். கதவைத் திறந்த அண்ணனுக்கு முதலில் சலாம் கூறியவள் அவள்தான்.