செவலைக் கன்று

கம்பைநல்லூர்த் தொழுவத்தில் பிறந்தாலும் சரி, பாளையகோட்டைப் பட்டியில் பிறந்தாலும் சரி, காங்கேயம் கன்று பெரும்பாலும் செவலையாகத்தான் தரையில் விழும். முதன்முதலாக மாடு வளர்ப்பவர் திகைத்துப் போவார்: தாய் வெள்ளை, காளை மயிலை, கன்று மட்டும் எப்படிச் சிவப்பு? விவரம் தெரிந்த பெரியவர் சிரித்துக்கொண்டே, “ஆறு மாசம் போகட்டும்” என்பார். அவர் சொன்னபடியே அதற்குள் சிவப்பு மயிர் உதிர்ந்து சாம்பல் மயிர் முளைத்துவிடும். கடைசிவரை செவலையாகவே நிற்கும் காங்கேயமும் உண்டு. அதனால் பெரியவர் பந்தயம் கட்டமாட்டார்.

காளைக் கன்றுக்கு இன்னொரு மாற்றம் பாக்கியிருக்கிறது. பருவத்துக்கு வந்ததும் திமில், கழுத்து, முன்சப்பை, பின்தொடை எல்லாம் கறுக்கத் தொடங்கும். ஆண் சுரப்புநீரின் வேலை அது. காயடித்தால் அந்தக் கறுப்பு மங்கிவிடும். ஏர் மாடுகள் வெளிர் சாம்பலாகவும், பொலிகாளைகள் கருகருவென்றும் இருப்பது இதனால்தான். சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கும் முன்பே கண் பாதிக் கணக்கைப் போட்டுவிடும்.

தர்மபுரிச் சீமைக்கே உரிய ஆலம்பாடி மாடு இன்னும் கறுப்பு. காவிரிக் கரையில் உள்ள ஆலம்பாடி இன்று கர்நாடக எல்லைக்குள் இருக்கிறது. மாடுகள் மேய்ந்ததோ பென்னாகரம், ஒகேனக்கல் காட்டோரம் வரை. காளை கருஞ்சாம்பல் நிறம். நெற்றியிலும் கால்களிலும் வெள்ளைத் திட்டுகள். அருகிவரும் இந்த இனத்துக்காகத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் காரிமங்கலம் பக்கம் ஓர் ஆராய்ச்சி மையம் வைத்திருக்கிறது. கம்பைநல்லூருக்கு அது பக்கத்து ஊர்தான்.

வளர வளர நிறம் மாறும் ஆக்சலாட்டிலைக் கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பவருக்கு இப்படி ஒரு பெரியவர் வாய்ப்பதில்லை. மெக்சிகோவின் சோச்சிமில்கோ ஏரியைச் சேர்ந்த இந்த நீர்வாழ் உயிர்களில் ஒரு கூட்டம் 1864இல் பாரிஸ் போய்ச் சேர்ந்தது. அந்தக் கூட்டத்தில் ஒரு வெள்ளை ஆணும் இருந்தது. இன்று தொட்டிகளில் நீந்தும் வெள்ளை வகை அதன் வழிவந்தது. கருவில் முதுகோரம் தோன்றும் நிறச் செல்கள் உடம்பெங்கும் பரவாமல் நின்றுபோவதால் வரும் வெள்ளை இது. கண் மட்டும் கறுப்பாகவே இருக்கும்.

குஞ்சில் பால்போல இருந்தது, வளர வளரத் தலையிலும் முதுகிலும் கரும்புள்ளிகளோடு நிற்கலாம். வாங்கியவர் பூஞ்சை பிடித்துவிட்டது என்று மருந்து தேடி ஓடுவார். பொன்னிற வகை வெளுப்பாகப் பிறந்து, வயது கூடக்கூட மஞ்சள் ஏறும். மாட்டுக்கு மாறுவது மயிர். உள்ளே தோல் கறுப்புதான். ஆக்சலாட்டிலுக்கோ தோலே மாறுகிறது, அதுவும் தொட்டித் தரையின் நிறத்தைப் பொறுத்துக் கொஞ்சம் கறுக்கும், கொஞ்சம் வெளுக்கும்.

பயப்பட வேண்டிய வெளுப்பு ஒன்று உண்டு. செவுள் வெளிறி, இரையும் எடுக்காமல் கிடந்தால் வயதின் மேல் பழி போடக் கூடாது. தண்ணீரில் அம்மோனியா ஏறியிருக்கலாம், சூடும் ஏறியிருக்கலாம். 20 டிகிரியைத் தாண்டினாலே அதற்குத் திண்டாட்டம். தண்ணீரைக் குளிரவைக்கும் கருவி இல்லாமல் தர்மபுரிச் சித்திரையில் அதை வளர்ப்பது அநியாயம்.