கழலாத சக்கரம்

என் தம்பி மர்ஹூமாகிப் பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. சிங்கப்பூரில் வேலை பார்த்த காலத்தில் அவன் வாங்கி வந்தவற்றுள், எங்கள் பொன்னேரி வீட்டில் இன்றும் எஞ்சியிருப்பது ஒரு மாதிரிப் படகின் இயந்திரந்தான். 3.5 கன சென்டிமீட்டர், உள்ளங்கையில் அடங்கிவிடும். இரண்டு மூன்று முறை ஏரியில் ஓட்டிக் காட்டினான். பிறகு மகனுக்கென்று துணியில் சுற்றி அலமாரியில் வைத்தான். அந்த மகன் இப்போது கல்லூரியில் தேசிய மாணவர் படையின் கடற்படைப் பிரிவில் இருக்கிறான். அப்பிரிவின் அகில இந்திய முகாமில் மாதிரிக் கப்பல் கட்டும் போட்டியும் உண்டு. "அத்தாவுடைய இஞ்சினை ஓட்டிப் பார்க்கணும், பெரியத்தா" என்று வந்து நின்றான்.

இயந்திரம் அசையவில்லை. இவ்வகை இயந்திரத்தின் எரிபொருளில் மெதனாலோடு ஆமணக்கெண்ணெயும் கலந்திருக்கும். ஓடும்போது உராய்வைத் தணிக்கும் அதே எண்ணெய், துடைக்காமல் வைத்தால் காய்ந்து அரக்காகிவிடுகிறது. பேரிங்கும் துருப்பிடித்திருந்தது. அதை மாற்ற கிராங்க் தண்டை வெளியே எடுக்கவேண்டும். அதற்கு முன்னால் தண்டின் முனையிலுள்ள பித்தளைச் சக்கரத்தைக் கழற்றியாகவேண்டும்.

அந்தச் சக்கரத்துக்கும் தண்டுக்கும் நடுவில், ஒரு பக்கம் பிளந்த கூம்பு வளையம் ஒன்று இருக்கிறது. நட்டை முடுக்க முடுக்கச் சக்கரம் கூம்பின் மேலேறி அதை நெருக்கும். கூம்பு தண்டைக் கவ்விக்கொள்ளும். ஆப்பு இல்லை, ஆணி இல்லை, வெறும் பிடிமானந்தான். நட்டைக் கழற்றினால் சக்கரமும் வந்துவிடும் என்றுதான் எவரும் எண்ணுவர். வராது. சரிவு குறைந்த கூம்பு, நெருக்கிய விசை நீங்கிய பின்னும் பிடியை விடுவதில்லை.

இதையெல்லாம் பின்னர்தான் அறிந்தேன். அன்று மாலை நான் செய்தது வேறு. திருப்புளியை இடையே நுழைத்து நெம்பினேன். அலுமினிய உடலில் பள்ளம் விழுந்தது. ஆத்திரத்தில் சுத்தியலை எடுத்துத் தண்டின் முனையில் அடித்தேன். மரையின் முதற்சுற்று நசுங்கியது. பையன் ஒன்றும் பேசவில்லை. இயந்திரத்தை வாங்கித் துணியில் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. முப்பது ஆண்டுகளாக மதரஸாவில் நான் ஓதிக்கொடுக்கும் சொற்களில் ஒன்று 'ஹீலா'. ஃபிக்ஹில் அச்சொல்லுக்கு நல்ல பெயர் கிடையாது. சட்டத்தைச் சுற்றிக்கொண்டு போகும் தந்திரம் என்று பொருள் கொள்வோம். ஆனால் அதன் பன்மையாகிய 'ஹியல்' என்பதைத்தான் அறபு அறிஞர்கள் பொறியியலுக்குப் பெயராக வைத்தார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதின் பனூ மூஸா சகோதரர் மூவரும் 'கிதாபுல் ஹியல்' எழுதினர். 1206இல் அல்ஜஸரீ முடித்த நூலின் பெயரிலும் அதே சொல் இருக்கிறது. அரசரின் விருந்துக்காக, குளத்தில் மிதக்கும் படகில் இசைக்கருவி வாசிக்கும் பொம்மைகளை அமைக்கும் முறையை அவர் அதில் விவரிக்கிறார். தமிழிலும் 'பொறி' என்றால் இயந்திரம், கண்ணியும்கூட. பெயர் வைத்தவர்கள் எவரும் வலிமையை எண்ணி வைத்ததாகத் தெரியவில்லை. சொல்லின் வேரெல்லாம் தெரிந்த நான்தான் சுத்தியலைத் தேடிப் போனேன்.

மறுநாள் பையனை அழைத்துக்கொண்டு பழவேற்காட்டுக்குப் பேருந்தேறினேன். மீன்பிடிப் படகுகளின் மோட்டார் பழுதுபார்க்கும் முதியவர் ஒருவர் அங்கே பட்டறை வைத்திருக்கிறார். எஃகும் அலுமினியமும் உப்புநீரில் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு பிரிய மறுப்பதை அன்றாடம் பார்ப்பவர். படகு மோட்டாரின் சக்கரமும் பெரும்பாலும் இப்படிக் கூம்பில்தான் அமர்ந்திருக்குமாம். இயந்திரத்தைத் திருப்பிப் பார்த்தவர், "அடிச்சது யாரு ஹஜ்ரத்?" என்றார். "நான்தான்" என்றேன். பையன் முதன்முறையாகச் சிரித்தான்.

நசுங்கிய மரையை மெல்லிய அரத்தால் சீவினார். நட்டைத் தண்டின் முனைமட்டத்துக்குத் திருகி, முனைக்குக் காப்பாக விட்டுவைத்தார். மண்ணெண்ணெயும் மெல்லிய எண்ணெயும் கலந்து விட்டு, "நாளைக்கு வாங்க" என்றார். மறுநாள் சக்கரத்தின்மேல் கொதிநீரை ஊற்றினார். பித்தளை, எஃகைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரியும். 10 மில்லிமீட்டர் துளை, 70 டிகிரி சூடேறினால் மில்லிமீட்டரில் நூறிலொரு பங்குதான் அகலும். அதுவே போதுமானது. இருகால் புல்லரைச் சக்கரத்தின் பின்புறம் மாட்டி இழுவை கொடுத்து, கொஞ்சம் பொறுத்தார். புல்லரின் திருகுத் தலையில் இலேசாக ஒரு தட்டு. 'டிக்' என்ற ஓசையோடு சக்கரம் கையில் வந்துவிட்டது.

கூம்புக்கும் தண்டுக்கும் இடையே துருவேறிய தகரத்துண்டு ஒன்று இருந்தது. கூம்பின் துளை சற்றுப் பெரிதாயிருந்ததால், தேயிலை டின்னிலிருந்து வெட்டிச் செருகியிருக்கிறான் என் தம்பி. ஓரத்தில் டின்னின் பச்சை வண்ணம் இன்னும் மங்காமலிருந்தது. அது துருப்பிடித்து உப்பியதால்தான் இத்தனை இறுக்கம் என்றார் பெரியவர். மறுபடி அதைப் போடக்கூடாது, சரியான கூம்பு வாங்குங்கள் என்றும் சொன்னார். பையன் அத்துண்டைத் தாளில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

புதுப் பேரிங்கு சென்னையில் கிடைத்துவிட்டது, கூம்புக்கு எழுதிப்போட்டிருக்கிறோம். அலுமினிய உடலில் நான் உண்டாக்கிய பள்ளத்தை அரத்தால் தேய்த்துச் சமன் செய்துவிடலாம் என்றேன். "இருக்கட்டும் பெரியத்தா" என்கிறான்.