துண்டும் பயணமும்

பயணம் புறப்படுகிறவர் எவற்றை எடுத்துச் செல்கிறார் என்பதைவிட எவற்றை வீட்டிலேயே விட்டுச் செல்கிறார் என்பதைக் கொண்டுதான் அவருடைய பட்டறிவை அளவிட முடியும். முதுகில் சுமக்கும் பைக்கு வீட்டு அலமாரியின் பரப்பு இல்லை. அதில் இடம்பெறும் பொருள்களுள் மிக எளியது உடல் துவட்டும் துண்டு. ஆயினும் மிகுந்த தொல்லை தருவதும் அதுவே. உலராத துண்டு பையின் சுமையைக் கூட்டும். அருகில் உள்ள ஆடைகளையும் நனைக்கும். மறுநாள் பையைத் திறக்கும்போது நாற்றமாகவும் வந்து நிற்கும்.

சிங்கப்பூர் மாணவர்களுக்கு இது வெறும் கற்பனைச் சிக்கலன்று. புலாவ் ஊபின் தீவில் 1967-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அவுட்வர்ட் பவுண்ட் பயிற்சிப் பள்ளி முதலாகப் பல முகாம்களுக்கு நம் பிள்ளைகள் சென்று வருகிறார்கள். படகு வலிக்கிறார்கள், காட்டு வழியில் நடக்கிறார்கள், கூடாரத்தில் உறங்குகிறார்கள். முகாமுக்கு முன் பெற்றோர் கைக்கு ஒரு பொருட்பட்டியல் வந்து சேரும். அவ்வாறான பட்டியல் ஒன்றில் 'விரைவில் உலரும் துண்டு ஒன்று' என்றிருந்த வரியைச் சுட்டிக்காட்டித் தாய் ஒருவர் என்னிடம் கேட்டார்: "சார், இது எந்தக் கடையில கிடைக்கும்? விளையாட்டுச் சாமான் கடையில விலை கேட்டேன். மூணு பிள்ளைக்கும் வாங்குறது கஷ்டம் சார்."

"வீட்டில் தோளில் போடுகிற மெல்லிய துண்டு இருக்கிறதா அம்மா?" என்று கேட்டேன். அவர் விடை சொல்லுமுன் அருகில் நின்ற மகன், "ஐயோ, அது தாத்தா துண்டு சார்!" என்றான்.

அந்த 'ஐயோ' என்னும் சொல்லில் இருந்த கூச்சம் என்னைச் சிந்திக்க வைத்தது. ஒரு பொருள் நம்முடையது என்பதற்காகவே அதனைப் போற்றுவதும் தகாது. நம்முடையது என்பதற்காகவே அதனை ஒதுக்குவதும் தகாது. எடைபோட்டுப் பார்த்துத் தெளிவதே கல்வியின் வேலை. ஆகவே துண்டையும் எடைபோட்டுப் பார்ப்போம்.

முதலில் சொல்லைப் பார்க்கலாம். தறியிலிருந்து துணித்து எடுத்தது துணி, துண்டாக்கியது துண்டு. அறுத்தெடுத்த ஆடைக்கு அறுவை என்றும் பெயர் உண்டு. சங்கப் புலவர் வரிசையில் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று ஒருவர் இருப்பதை மாணவர் அறிவர். ஆடை விற்றவர் பாடலும் இயற்றினார் என்பது நம் மொழியின் பெருமை. துவாலை என்னும் சொல்லோ கடல் கடந்து வந்தது. போர்த்துக்கீசியரின் 'துவால்யா' தமிழில் துவாலை ஆயிற்று. மலாயில் 'துவாலா' ஆயிற்று. 1511-இல் மலாக்காவைக் கைப்பற்றியவர்களின் சொல், இன்று தேக்காவில் தமிழர் நாவிலும் மலாய்க்காரர் நாவிலும் ஒருங்கே வழங்குகிறது.

இனிப் பொருளுக்கு வருவோம். நாம் தேங்காய்ப்பூத் துண்டு என்று அழைப்பது நூல்வளையங்கள் நிறைந்த தடித்த துண்டாகும். துருவிய தேங்காய்ப் பூவைப் போல அதன் மேற்பரப்பு பொலபொலவென்று இருப்பதால் அப்பெயர் பொருத்தமாகவே அமைந்தது. துருக்கியில் கையால் நெய்யப்பட்டு வந்த இவ்வகைத் துணியை இங்கிலாந்தின் கிறிஸ்டி நிறுவனத்தார் இயந்திரத்தில் நெய்து, 1851-ஆம் ஆண்டு இலண்டனில் நடந்த பெருங்கண்காட்சியில் வைத்தனர். பின்னர் அது உலகெங்கும் பரவிற்று. ஒவ்வொரு வளையமும் நீரைக் கவ்விக்கொள்வதால் குளியலறையில் அதற்கு நிகரில்லை. ஆனால் கவ்விய நீரை அது எளிதில் விடுவதில்லை. பயணத்தில் அந்த நற்குணமே சுமையாகி விடுகிறது.

உலர்தல் என்பது காற்றோடு செய்யும் வாணிகம். துணியில் உள்ள ஒவ்வொரு கிராம் நீரும் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். அந்த ஆவியை ஏற்றுக்கொள்ளக் காற்றிலும் இடம் வேண்டும். சிங்கப்பூர்க் காற்றில் அந்த இடம் குறைவு. இங்கே ஈரப்பதத்தின் ஆண்டுச் சராசரி 80 விழுக்காட்டிற்கு மேல். விடியற்காலையில் 90-ஐயும் தாண்டும். மழையில்லாத நாளின் பிற்பகலில்தான் 60 விழுக்காட்டளவுக்கு இறங்கும். வீவக அடுக்குமாடிகளில் சன்னலுக்கு வெளியே கழிகளை நீட்டித் துணி உலர்த்துவோர் அந்தப் பிற்பகல் வெயிலின் அருமையை நன்கு அறிவார்கள். அக்காலச் சலவைத் தொழிலாளரும் அறிந்திருந்தனர். அவர்கள் ஓடைக்கரையில் துவைத்து வெளியில் உலர்த்திய இடமே டோபி காட் என்று பெயர் பெற்றது. இன்று அப்பெயரைத் தாங்கி நிற்பது பெருவிரைவு ரயில் நிலையம்.

காற்று உதவாத ஊரில் இரண்டே வழிகள் உண்டு. ஒன்று, துண்டு குறைந்த நீரையே பிடித்து வைத்திருக்க வேண்டும். மற்றொன்று, பிடித்த நீரை முறுக்கிப் பிழிந்து வெளியேற்றிவிட வேண்டும். விளையாட்டுக் கடைகளில் விற்கும் நுண்ணிழைத் துண்டு முதல் வழியைச் சேர்ந்தது. 9,000 மீட்டர் நீள இழை ஒரு கிராமுக்கும் குறைவாக நிறுக்குமானால் அதனை நுண்ணிழை என்பர். 1970-இல் ஜப்பானின் டோரே நிறுவனத்தில் மியோஷி ஒக்காமொத்தோ என்னும் அறிவியலார் இத்தகைய இழைகளைக் கொண்டு செயற்கை மெல்தோலை உருவாக்கினார். இன்றைய பயணத் துண்டுகள் பெரும்பாலும் பாலியெஸ்டரும் நைலானும் கலந்தவை. இவ்விழைகளுக்குள் நீர் மிகுதியாக ஊறுவதில்லை. இழைகளின் இடுக்குகளில் தங்கி நிற்கிறது. ஆகையால் பிழிந்தால் வெளியேறிவிடும். எஞ்சியது விரைந்து உலரும்.

பருத்தியின் இயல்பு வேறு. அதன் இழைக்குள்ளேயே நீர் ஊறும். ஆனால் பருத்திக்கு ஓர் அரிய குணம் உண்டு: நனைந்த நிலையில் அதன் வலிமை கூடுகிறது. எனவே மெல்லிய பருத்தித் துண்டை எவ்வளவு முறுக்கிப் பிழிந்தாலும் அது தாங்கும். ஈரோடு, சென்னிமலை வட்டாரத் தறிகளில் நெய்யப்படும் துண்டுகளிலும், ஈரிழைத் துண்டு என்று நாம் சொல்லும் வகையிலும் வளையங்கள் இல்லை. பாவும் ஊடும் மட்டுமே. இரு கைகளுக்கிடையே பிடித்துப் பார்த்தால் வெளிச்சம் ஊடுருவித் தெரியும். அந்த இடைவெளியே அது விரைவில் உலர்வதற்குக் காரணம்.

சொல்லிவிட்டால் போதுமா? மாணவர்களே செய்து பார்க்கட்டும் என்று அறிவியல் ஆசிரியரின் துணையோடு மூவகைத் துண்டுகளையும் நிறுத்தோம், நனைத்தோம், ஒரே மாணவனைக் கொண்டு பிழிந்தோம், நிழலான நடைவழியில் ஒரே கொடியில் தொங்கவிட்டோம். மணிக்கொரு முறை மாணவர் நிறுத்துக் குறித்தனர். முதலில் உலர்ந்தது நுண்ணிழைத் துண்டு. நெடுநேரம் கழியுமுன் தாத்தா துண்டும் உலர்ந்தது. தேங்காய்ப்பூத் துண்டு பள்ளி முடியும் நேரத்திலும் ஈரமாகவே இருந்தது. கூச்சப்பட்ட அந்த மாணவனே தராசைப் படித்தவன். தன் கையால் அளந்ததை அவனால் மறுக்க முடியவில்லை.

எனினும் பருத்திதான் எக்காலத்தும் சிறந்தது என்று தீர்ப்புக் கூற நான் முன்வர மாட்டேன். இடைவிடாத மழையில் பல நாள் நடப்பவருக்கு நுண்ணிழைத் துண்டே உதவும். ஆனால் அது உடலின் எண்ணெய்ப் பசையைப் பற்றிக்கொள்வதால் சில நாளில் நாறத் தொடங்கும். சூடான இழைப்பெட்டி பட்டால் உருகும். துவைக்குந்தோறும் கண்ணுக்குத் தெரியாத நெகிழித் துகள்களை நீரில் கலக்கும். மெல்லிய பருத்தித் துண்டு வெயிலில் தலைக்கு முண்டாசு, இரவில் போர்வை, உடை மாற்றும்போது மறைப்பு, உணவு கட்டினால் மூட்டை. 30 அங்குல அகலமும் 60 அங்குல நீளமும் உள்ள ஒரு துணி இத்தனை தொழில் செய்வது எளிதன்று.

வாங்குவோர் சிலவற்றை நினைவில் கொள்க. துண்டை ஒளிக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஒளி புகுந்தால் காற்றும் புகும். புதுத் துண்டில் கஞ்சிப் பசை இருப்பதால் முதலில் அது நீரை ஏற்காது. இரண்டு மூன்று முறை அலசிய பிறகே பயணத்திற்கு எடுங்கள். மூங்கில் துண்டு என்று விற்கப்படுவனவற்றுள் பெரும்பாலானவை விஸ்கோஸ் இழையால் ஆனவை. அவ்விழை நனைந்தால் வலிமை குன்றும். நுண்ணிழைத் துண்டு வாங்கினால் அதனைத் துவைக்கும்போது துணி மென்மையூட்டியைத் தவிர்த்து விடுங்கள். அது இழையின் இடுக்குகளை அடைத்துவிடும்.

இந்நகரத்திற்கு மெல்லிய துண்டு புதியதும் அன்று. நீலக்கரையும் சிவப்பு எழுத்தும் கொண்ட வெள்ளைத் துண்டில் 'குட் மார்னிங்' என்று அச்சிட்டிருப்பதைப் பழைய காப்பிக்கடைகளில் பலரும் கண்டிருப்பர். மூன்று சக்கர வண்டி மிதித்த சீனத் தொழிலாளியின் கழுத்தில் அது தொங்கிற்று. வியர்வை ஊற உழைத்த தமிழ்த் தொழிலாளியின் தலையில் நம் துண்டு முண்டாசாயிற்று. வெயிலும் வியர்வையும் கற்பித்த பாடத்தில் இன வேறுபாடு இருக்கவில்லை. இன்று டன்லப் தெருவின் எளிய தங்குவிடுதிகளில் மேனாட்டு இளைஞர் நுண்ணிழைத் துண்டைக் காயப்போடுகின்றனர். சில அடி தொலைவில் சிராங்கூன் சாலைக் கடையில் நம் துண்டு மடித்து அடுக்கப்பட்டிருக்கிறது.

அந்த மாணவனுக்கு நான் இன்னொன்றும் சொன்னேன். தோளில் துண்டு போடும் உரிமைகூட நம் முன்னோர் எல்லார்க்கும் இருந்ததில்லை. மேற்சாதியார் எதிர்ப்பட்டால் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும் என்ற கொடுமை தமிழ்நாட்டில் இருந்தது. தென் திருவிதாங்கூரில் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல்லாண்டு போராடினர். 1859-இல்தான் அரசு அறிவிப்பு அவர்களுக்கு வழிவிட்டது. நாகசுரம் வாசித்த கலைஞரும் தோளில் துண்டு போடத் தடை இருந்தது. சுயமரியாதை இயக்கத்தார் அதனை எதிர்த்து நின்றனர். அவ்வாறு போராடிப் பெற்ற ஒன்றைப் பேரன் கூச்சத்தோடு மறைக்கலாமா?

அவன் உடனே விடை சொல்லவில்லை. "தாத்தாகிட்டக் கேட்டுட்டு எடுத்துட்டுப் போறேன் சார்" என்று சற்றுநேரம் கழித்துச் சொன்னான்.

அடுத்த முகாமுக்கான பட்டியலில் அந்த வரியை மாற்றி எழுதினோம்: 'மெல்லிய துண்டு ஒன்று, வீட்டில் உள்ளதே போதும்.' ஆசிரிய நண்பர்களும் தத்தம் பள்ளிப் பட்டியலை ஒருமுறை இவ்வாறு படித்துப் பார்க்க வேண்டுகிறேன். நாம் எழுதும் ஒரு சொல், ஒரு தாயின் கைப்பணத்தைக் காக்கவும் கூடும், கரைக்கவும் கூடும்.