நான் சொல்லாமல் விட்ட கயிறு

எங்கள் குழுவில் பாறை ஏறிய ஒரு பையனின் குதிகால் எலும்பு உடைந்ததற்குக் காரணம் நான். கயிறு கெட்டிருந்தது அன்று எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது, ஏனென்றால் நான் யாரிடமும் சொல்லவில்லை. 'திடீரென்று பிய்ந்துவிட்டது, யாருமே எதிர்பார்க்கவில்லை' என்றுதான் விசாரித்தவர்களிடமெல்லாம் சொன்னேன். நான் எதிர்பார்த்துப் பயந்துகொண்டேதான் இருந்தேன். அதை முழுவதுமாக எழுதி வைக்கிறேன்.

மணிமுத்தாறு அணைக்கு மேலே களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகம். அருவிக்கும் மாஞ்சோலைக்கும் போகிறவர்கள் வனத்துறைச் சோதனைச்சாவடியில் நின்றுதான் போக வேண்டும். அந்தக் காட்டுப் பாறைகளில் நாங்கள் கை வைத்ததில்லை. வெளியே, வயலுக்கும் தரிசுக்கும் நடுவில் தனித்தனியாக எழுந்து நிற்கிற பொத்தைகள்தான் எங்கள் இடம். வெயிலில் கருத்த பாறை. உள்ளங்கையைத் தேய்த்தால் தோல் உரியும். உயரமானது இருபது மீட்டர் இருக்கும். உச்சியில் நங்கூரம் கட்டி, அதில் மாட்டிய காராபினர் என்ற உலோகக் கொக்கியில் கயிற்றைக் கோத்து, இரண்டு பக்கமும் கீழே விடுவோம். ஒரு முனை ஏறுகிறவன் இடுப்பில் கட்டிய ஹார்னஸ் வாரில். மறுபக்கத்தைக் கீழே நிற்பவன் பிலே கருவியில் பிடித்து, அவன் ஏற ஏற இழுத்துக்கொள்வான். டாப் ரோப் என்று சொல்வார்கள். பழகுகிறவர்களுக்கு ஏற்ற முறை. ஆனால் கயிற்றுக்கு இதைப் போலத் தேய்மானம் தரும் வேலை குறைவு. ஆள் தொங்குகிற கனத்தோடு அது விளிம்பில் போய்ப் போய் வரும்.

அதற்குத் தடித்த கயிறு வேண்டும், 10 மி.மீ. அல்லது அதற்கு மேல், உறை கெட்டியாக. நான் வாங்க வைத்தது 8.9 மி.மீ. அறுபது மீட்டர் கயிறு மூன்று கிலோவுக்குச் சற்று மேல். 10 மி.மீ. என்றால் நான்கு கிலோவுக்குக் கொஞ்சம் குறையும். மிச்சமாவது முக்கால் கிலோ. இரவு பகலாகப் பனிமலையில் நடப்பவனுக்கு அந்த முக்கால் கிலோவால் பலன் உண்டு. எங்கள் பொத்தைக்கு பைக்கை நிறுத்திவிட்டு ஒரு வரப்பைத் தாண்டினால் போதும். நான் படித்த புத்தகங்களில் பெரிய மலைக்காரர்கள் மெல்லிய கயிற்றோடு போனார்கள். எனக்கும் அது வேண்டியிருந்தது. பையன்கள் ஆளுக்குக் கொஞ்சமாகச் சேர்த்த பணம் அது. ஒருவன் மட்டும், "தடியா வாங்குனா ரொம்ப நாளைக்கு வரும்லா அண்ணாச்சி" என்றான். உனக்குத் தெரியாது என்று அவன் வாயை அடைத்தேன்.

அவன் சொன்னது சரி. இப்போது ஏறுவதற்குப் பயன்படும் கயிறுகளெல்லாம் 1953இல் எடல்ரிட் என்ற ஜெர்மன் நிறுவனம் கொண்டுவந்த அமைப்பில் வருபவை. உள்ளே முறுக்கிய நைலான் இழைகள், வெளியே பின்னிய உறை. கனத்தைத் தாங்குவது பெரும்பாலும் உள்ளிழை. அதைக் காப்பது உறை. கயிறு மெலிய மெலிய இரண்டுமே குறைகின்றன. ஐரோப்பியத் தர அளவில், தனிக் கயிறாகப் பயன்படுத்துவது என்றால் 80 கிலோ எடையைக் கடுமையாக விழவைத்து, குறைந்தது ஐந்து விழுகையாவது அறாமல் தாங்க வேண்டும். மெல்லியவை ஐந்து ஆறோடு நின்றுவிடும். தடித்தவை எட்டு ஒன்பது வரை போகும். அந்தச் சோதனையில் கயிறு மடங்குவது 5 மி.மீ. ஆரத்துக்கு உருட்டிவிட்ட வழுவழுப்பான உலோக விளிம்பின் மேல். எங்கள் பொத்தையின் விளிம்பை யாரும் உருட்டி வைக்கவில்லை.

மற்ற சாமான்களிலும் இதே மோகம்தான். நங்கூரத்துக்கு 8 மி.மீ. அகல டைனீமா ஸ்லிங்குகள், அதாவது செயற்கை இழை நாடா வளையங்கள், வாங்கினேன். கனமே இல்லை, ஆனால் முடிச்சுப் போட்டால் பலத்தில் பாதிக்குக் கிட்டப் போய்விடும். நைலான் உருக 220 டிகிரி வேண்டும், டைனீமாவுக்கு 145 போதும். கயிறு உரசி ஓடினால் சூடு தாங்காது. காராபினர்களும் 25 கிராமில். முதல்நாள் அவை தாங்குகிற பாரம் பெரியவற்றுக்குச் சமம்தான், 20 கிலோநியூட்டன், அதாவது இரண்டு டன். ஆனால் கயிறு படுகிற இடத்தில் அலுமினியம் ஒல்லி. மண் ஏறிய கயிறு ஓடினால் சீக்கிரம் பள்ளம் விழும், பள்ளத்தின் ஓரம் கத்தியாகும். இவ்வளவும் படித்து வைத்திருந்தேன். தெரியாமல் செய்த பிழை என்று சொல்ல எனக்கு வழியில்லை.

இருந்தாலும் அந்தக் கயிறு அதுவரை யாருக்கும் தீங்கு செய்யவில்லை. மெல்லிய கயிற்றையும் நிதானமாக, விளிம்பில் சாக்கைப் போட்டு, நாள் கணக்கு வைத்துப் பயன்படுத்தலாம். பிறகு 2023 டிசம்பர் 17, 18இல் மழை வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டிய மழை அது. தாமிரபரணி ஊர்களுக்குள் ஏறியது. ஸ்ரீவைகுண்டத்துக்கு இந்தப் பக்கம் ஒரு ஊருக்கு அரிசியும் பாலும் தண்ணீர்ப் பாட்டிலும் கொண்டுபோன ஒரு கூட்டத்தோடு நானும் போனேன். கயிறு என் பையில் இருந்தது. தெருவுக்குக் குறுக்கே தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடியது. ஒரு வீட்டுத் தூணுக்கும் எதிர்ப்பக்கம் நின்ற டிராக்டருக்கும் நடுவே கயிற்றைக் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு சனங்களைக் கடத்தினோம். கட்டியதில் எனக்கு வருத்தமில்லை, இன்றும் கட்டுவேன். டிராக்டர்க்காரர் வண்டியைக் கொஞ்சம் நகர்த்தினார். கான்கிரீட் மூலையில் கயிறு கிறீச்சிட்டு விறைத்தது. அதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

அத்தோடு அதன் ஆயுள் முடிந்தது. வண்டி இழுத்த கயிற்றில், கூர்விளிம்பில் நசுங்கிய கயிற்றில் ஆளைத் தொங்கவிடக் கூடாது. அதற்கு மேல் வண்டல். உறைக்குள் புகுந்த மணல் ஒவ்வொரு இழுப்பிலும் உள்ளிழைகளை அரைக்கும். வீட்டில் அண்டாவில் போட்டு அலசினேன். செந்நிறத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. நிழலில் காயவைத்து அடி அடியாகத் தடவிப் பார்த்தபோது, ஒரு முனையிலிருந்து பத்து மீட்டர் தள்ளி விரல் நின்றது. நல்ல கயிற்றை வளைத்துக் கிள்ளினால் நடுவில் வட்டமாக இடைவெளி நிற்கும். அந்த இடத்தில் கயிறு நாடாவைப் போலத் தட்டையாக மடிந்துவிட்டது. உறையில் கீறல்கூட இல்லை. உள்ளே இழை செத்திருந்தது.

அப்போதே வெட்டியிருக்க வேண்டும். வெட்டினால் ஏன் என்று கேட்பார்கள். வெள்ளத்தில் என்ன நடந்தது என்று சொன்னால் மொத்தக் கயிறும் போகும். போனால், தடியாக வாங்கச் சொன்னவன் பேச்சு மேலே வரும்; அவ்வளவு பணம் கொடுத்து மெல்லியதை வாங்க வைத்த நான் கீழே போவேன். அதோடு அந்தக் கயிறு ஊரில் பேர் வாங்கியிருந்தது. வெள்ளத்தில் ஆள் கடத்திய கயிறு என்று பையன்கள் தொட்டுக் காட்டுவார்கள். அந்தப் பெருமையிலும் எனக்குப் பங்கு இருந்தது.

கெட்ட பக்கத்து முனையில் நீலப் பட்டை ஒட்டினேன். ஏறுகிறவன் இடுப்பில் எப்போதும் மற்ற முனை வருவதுபோலப் பார்த்துக்கொண்டேன். இருபது மீட்டர் பாறைக்கு நாற்பது மீட்டர்தான் போகும். கெட்ட இடம் பிலே பிடிப்பவன் காலடியில் சும்மா கிடக்கும். என் கணக்கு அது. ஏன் நீலம் என்று கேட்டவனிடம் அடையாளத்துக்கு என்றேன். குழுவின் நோட்டில் கயிற்றைப் பற்றி எழுத ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தோம். டிசம்பருக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை.

இதே பையன்களுக்கு மேட்டர்ஹார்ன் கதையைச் சொல்லிக்கொடுத்தவன் நான். 1865 ஜூலை 14 அன்று, எட்வர்ட் விம்பர் உட்பட எழுவர் அந்தச் சிகரத்தில் முதன்முதலாக ஏறினார்கள். இறங்கும்போது ஒருவர் கால் தவற, நால்வர் சரிந்தார்கள். அவர்களுக்கும் மேலே நின்றவருக்கும் நடுவில் கயிறு அறுந்து நால்வரும் இறந்தார்கள். அன்று அவர்களிடம் மூன்று வகைக் கயிறு இருந்தது. அறுந்தது இருப்பதிலேயே பலவீனமானது. பலமான கயிறு கைவசம் இருந்தும் அந்த இடத்தில் அது கட்டப்படவில்லை. அறுந்த துண்டு சுவிட்சர்லாந்தில் செர்மாட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதைச் சொல்லி, கயிற்றை யார் பார்த்தது, எப்போது பார்த்தது என்று கேட்காமல் கட்டிக்கொள்ளாதீர்கள் என்பேன். வீட்டுக்கு வந்தால் அந்த நீலப் பட்டை பையிலிருந்து எட்டிப் பார்க்கும்.

கோடை விடுமுறையில் ஒரு காலையில் கயிற்றை வேறொருவன் சுருட்டி எடுத்து வந்திருந்தான். நீலப் பட்டை மேலே வந்தது. பின்னால் குதிகால் உடைந்த அந்தப் பையன் அந்த முனையை ஹார்னஸில் கட்டினான். முடிச்சைச் சரிபார்க்க நான்தான் குனிந்தேன். எட்டு வடிவ முடிச்சு சரியாக இருந்தது. நீலத்தைப் பார்த்தேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, நாலு பேர் காத்திருந்தார்கள், கழற்றி மாற்றச் சொன்னால் காரணம் சொல்ல வேண்டும். ஒரு தடவைதானே என்று அவன் தோளில் தட்டி அனுப்பினேன்.

மேலே நங்கூரமும் நான் கட்டியது. ஸ்லிங்குகள் குட்டையானவை, காராபினர் விளிம்பைத் தாண்டித் தொங்கவில்லை. சாக்கும் போடவில்லை. அவன் உச்சியைத் தொட்டான். இறக்கும்போது பாதி உயரத்தில் கெட்ட இடம் விளிம்புக்கு வந்தது. உறை கிழிந்து சுருண்டு அந்த ஒல்லிக் காராபினரில் சிக்கியது. கீழே நின்றவன் அது தெரியாமல் கயிற்றை விட்டுக்கொண்டே இருந்தான். சிக்கல் விடுபட்டதும், தளர்ந்து கிடந்த நீளம் மொத்தமும் ஒரே வீச்சில் ஓடியது. பையன் பக்கவாட்டில் போய்ப் பாறைத் திட்டில் இடது குதிகாலால் இடித்தான். மேலே உள்ளிழை வெள்ளையாகத் தெரிந்தது. மிஞ்சியிருந்த இழைகள் தாங்கின. தாங்கியிருக்காவிட்டால் நான் இதை வேறு மாதிரி எழுத வேண்டியிருந்திருக்கும்.

அம்பாசமுத்திரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் காரில் அவன் கேட்டது ஒன்றுதான்: "அண்ணாச்சி, அந்த முனைய நீங்க பாத்தியளா?"

பார்க்கவில்லை என்றேன்.

மறுநாள் கயிற்றைத் துண்டு துண்டாக நறுக்கினேன். கெட்ட கயிற்றை யாரும் எடுத்து ஏறாதபடி நறுக்கிவிடுவதுதான் முறை. எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள், அண்ணாச்சி பொறுப்பாகச் செய்கிறார் என்று. அந்தத் தட்டையான இடம் இன்னொருவர் கையில் சிக்கக்கூடாது என்பதற்காக நறுக்கினேன். குப்பையோடு போட்டு எரித்தேன்.

பையனின் அப்பா பனை ஏறுகிறவர். பதநீர் சீசனில் காலையும் மாலையும் மரம் மரமாக ஏறி இறங்குகிற உடம்பு. காலில் மாட்டுகிற தளைநாரைப் பனை மட்டையில் உரித்த நாரிலிருந்து அவரே செய்துகொள்வார். நான் போனபோது திண்ணையில் உட்கார்ந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு கட்டைவிரலை மட்டும் நாரின் மேல் நகர்த்துவார். பிசிர் எழுந்த இடம் வந்தால் விரல் தானாக நிற்கும். தளைநாரை இரவல் கொடுப்பதில்லை, வாங்குவதுமில்லை என்றார். எப்போது திரித்தது, எந்த மழையில் நனைந்தது என்பதெல்லாம் போட்டுக்கொள்பவனுக்கே தெரிந்திருக்கிறது. எங்கள் கயிறு பத்துப் பேருக்குப் பொது. ஒவ்வொருவனும் இன்னொருவன் சொல்லை நம்பித்தான் கட்டிக்கொள்கிறான். தடித்த கயிறாக இருந்திருந்தால் என் பொய்யை இன்னும் கொஞ்ச நாள் சுமந்திருக்கும் என்றே நினைக்கிறேன். 8.9இல் அதற்கு இடமில்லை. வெளியே தெரியாத ஒரு காயத்தை எவன் சொல்கிறானோ அவனைத் தவிர அதற்குக் காவல் கிடையாது. அந்தக் காவலில் என்னைத்தான் நிறுத்தியிருந்தார்கள்.

அன்று திண்ணையில் நான் எதுவும் சொல்லவில்லை. பழம் கொடுத்துவிட்டு வந்தேன். அவன் ஊன்றுகோலை விட்டு நடக்க ஆரம்பித்த பிறகுதான் மறுபடி போனேன். அப்பாவும் மகனும் இருக்கும்போது டிராக்டரையும் தூணையும் நீலப் பட்டையையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். காரில் அவனிடம் சொன்னது பொய் என்றும் சொன்னேன். பிறகு குழுவிடம் சொன்னேன். இப்போது 10.2 மி.மீ. கயிறு வந்திருக்கிறது, நங்கூரத்துக்கென்று அதிகம் நீளாத வேறொரு கயிறும். இரண்டுக்கும் பணம் நான் கொடுத்தேன். நோட்டை, அன்று தடியாக வாங்கச் சொன்னவன் வைத்திருக்கிறான். நங்கூரத்தை நான் கட்டினால் அவன் ஏறிப்போய்ப் பார்க்காமல் யாரும் ஹார்னஸ் மாட்டுவதில்லை. அவர்களாகப் போட்ட விதி அது, எனக்குச் சம்மதம்.

பையன் இன்னும் ஏற வரவில்லை. அன்று நான் சொல்லி முடித்தபோது அவன் எழுந்து உள்ளே போய்விட்டான். அவன் அப்பாதான் கொஞ்ச நேரம் கழித்துப் பேசினார்.

"இத அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா அண்ணாச்சி. சரி. அந்தக் கயித்த ஒருக்கா கொண்டாங்க, கையால பாக்கணும்."

எரித்துவிட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டார். அதையும் சொன்னேன்.