அணிற்பிள்ளையும் அடியேனும்

நேயர்களே, பதின்மூன்று வயதுப் பையனிடம் ஒரே மாலையில் நாலு தடவை தோற்றுப்போன ஆசாமி உங்களில் யாராவது உண்டா? இருந்தால் வெட்கப்படாமல் கையைத் தூக்குங்கள். துணைக்கு அடியேன் இருக்கிறேன்.

சம்பவம் நடந்த இடம் திருச்சுழி. அருப்புக்கோட்டையில் பஸ் ஏறி, இரண்டு பக்கமும் சீமைக் கருவேலமும் நடுநடுவே கரிசல் காடுமாகக் கிடக்கிற சாலையில் குலுங்கிக்கொண்டே போனால் வருகிற ஊர். திருமேனிநாதர் கோயில் கொண்ட ஊர். 1879-ம் வருஷம் ரமண மகரிஷி பிறந்த ஊர். இத்தனை பெருமைகளுக்கு மேலே எனக்கென்று தனியாக ஒரு பெருமையும் அந்த ஊருக்கு உண்டு. என் அக்கா அங்கே இருக்கிறாள். பத்திரிகைக் காரியாலயத்தில் நாலு நாள் லீவு கெஞ்சி வாங்கிக்கொண்டு, ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அவளைப் பார்க்கப் போயிருந்தேன்.

போய்ச் சேர்ந்து காப்பி குடித்த கையோடு அக்கா மகன் என்னைப் பிடித்துக்கொண்டான்.

“மாமா, பத்திரிகையில என்னென்னமோ எழுதுறீங்களே, போக்கிமான் பத்தி எழுதியிருக்கீங்களா?”

இல்லை என்றேன். அவன் பார்த்த பார்வையில், இத்தனை நாள் நான் வாங்கிய சம்பளமெல்லாம் வீண் என்று தெரிந்தது.

தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சிறு வயதில் பூச்சி பிடித்துத் திரிந்த சதோஷி தஜிரி என்ற ஜப்பானியர் உண்டாக்கி, 1996-ல் வெளியான வீடியோ விளையாட்டு இது. விசித்திரப் பிராணிகளைப் பிடித்து, பழக்கி, ஒன்றோடொன்று மோதவிட வேண்டும். பெரிய பந்தயங்களில் இரட்டை யுத்தம். ஒவ்வொருவரும் ஆறு பிராணிகளைக் கொண்டுவந்து, எதிராளியின் ஆறையும் பார்த்துவிட்டு, தம்முடையவற்றில் நாலைத் தேர்ந்துகொள்ள வேண்டும். களத்தில் ஒரு சமயத்தில் பக்கத்துக்கு இரண்டு நிற்கும். இரண்டு பேரும் தங்கள் தங்கள் கட்டளையை ரகசியமாக இட்ட பிறகுதான் சண்டை நடக்கும். எதிராளி என்ன நினைக்கிறான் என்று ஊகிப்பதில்தான் சாமர்த்தியமெல்லாம்.

என் கைப்பேசியிலும் அவனே விளையாட்டை ஏற்பாடு செய்து கொடுத்தான். அடியேன் கல்லூரியில் படித்தவன் அல்லவா? கொம்பும் இறக்கையும் கோரைப்பல்லுமாகப் பார்த்து, பலசாலிகளாகவே ஆறு பேரைப் பொறுக்கினேன். பையன் பக்கம் முதலில் வந்தது கியாரடோஸ் என்ற பூதாகாரமான கடல் நாகம். ஆறரை மீட்டர் நீளம். அது நியாயம். ஆனால் அதற்குப் பக்கத்தில் துள்ளிக்கொண்டு வந்து நின்றது ஓர் அணில்! நாற்பது சென்டிமீட்டர் உயரம். நாலு கிலோ எடைகூட இல்லை.

“இது என்னடா?”

“பச்சிரிசு, மாமா.”

“என்னது, பச்சரிசியா?”

உள்ளேயிருந்து தையல் மிஷின் சத்தம் நின்றது. “பச்சரிசி இருக்குடா தம்பி. பொங்கல் வைக்கணுமா?” என்று அக்காவின் குரல் வந்தது. பையன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு, “கண்ணு, ஒரு நிமிஷம் வந்துட்டுப் போ” என்று அவள் கூப்பிட, “இருங்க மாமா, ஊசி கோத்துக் குடுத்துட்டு வந்துடுறேன்” என்று உள்ளே ஓடினான். நான் என் படையின் பராக்கிரமத்தில் லயித்திருந்ததால் அதைக் கவனிக்கவில்லை.

யுத்தம் தொடங்கியது. கடல் நாகத்துக்கு மின்சாரம் ஆகாது. மற்ற அடியைப்போல் நாலு பங்கு வலிக்கும். ஆகவே மின்னலை ஏவினேன். அணில் என்ன செய்தது தெரியுமா? ‘ஃபாலோ மீ’ என்று ஒரு வித்தை. அதாவது, ‘அவனை விடு, என்னை அடி!’ என்று கையைத் தூக்கிக் காட்டியது. நாகத்தின்மேல் விழவேண்டிய மின்னல் வளைந்து அணிலின்மேல் விழுந்தது. விழுந்து என்ன பிரயோஜனம்? அந்த அணிலுக்கு மின்சாரம்தான் ஆகாரம். காயம் பட்டிருந்தால் அதுகூட ஆறிவிடும். இந்தக் கூத்து நடக்கிற நேரத்தில் நாகம் ஒரு நடனம் ஆடி, தன் பலத்தையும் வேகத்தையும் ஒன்றரை மடங்காக்கிக்கொண்டது. அப்புறம் என் பலசாலிகள் விழுந்த விதத்தை நான் விவரிக்கப் போவதில்லை.

“இது குருட்டு அதிர்ஷ்டம்” என்றேன்.

“இல்லை மாமா. இந்த அணிலை வச்சு ஒருத்தரு உலகக் கோப்பையே ஜெயிச்சிருக்காரு!”

நம்பாமல் விசாரித்தேன். வாஸ்தவம்தான். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவில், வாஷிங்டன் நகரில் உலகப் போட்டி நடந்தது. தென் கொரியாவைச் சேர்ந்த சேஜுன் பார்க் என்ற இளைஞர் தம் ஆறு பேரில் ஒருவராக இந்த அணிலைக் கொண்டுவந்தார். பிராணிகளின் குணங்களுக்கு எண் போட்டு மதிப்பிடுவார்கள். போட்டிக்காரர்கள் பெரிதும் விரும்புகிற கார்ச்சோம்ப் என்ற பறவைநாகத்துக்கு மொத்தம் 600; அணிலுக்கு 405. இதைப் போய் யாராவது உலகப் போட்டிக்குக் கொண்டுவருவார்களா என்று பார்த்தவர்கள் வியந்தார்கள். இறுதி ஆட்டத்தில் அமெரிக்கரான ஜூடி அஸரெல்லியை வென்று கோப்பையை வாங்கிக்கொண்டு போனார் பார்க்.

அதில் உள்ள சூட்சுமத்தைப் பையன் எனக்குப் பாடமாகவே நடத்தினான். முதல் சங்கதி, பலவீனமானதைப் பலசாலியாக்க முயலக் கூடாது. பயிற்சியால் சேர்க்கிற பலத்தை அணிலின் தாக்குதலில் போட்டால் வீண். உயிரிலும் தற்காப்பிலும் போட்டால் இன்னும் ஒரு அடி தாங்கும். இரண்டாவது, அதற்குக் கொடுக்கிற வேலை அதன் பலத்தை நம்பியதாக இருக்கக் கூடாது. அணிலிடம் ஒரு கடி இருக்கிறது. எதிரிக்கு மிச்சமிருக்கும் உயிரில் சரிபாதியை அது கொண்டுபோய்விடும். கடிக்கிறவன் நோஞ்சானாக இருந்தாலும் பாதி பாதிதானே? எதிரி எவ்வளவு பெரியவனோ அவ்வளவு பெரிய நஷ்டம்! இன்னொன்று, கன்னத்தை உரசி மரத்துப்போகச் செய்வது. அடி என்னவோ கொசுக்கடிதான். ஆனால் எதிரியின் வேகம் பாதியாகிவிடும். மூன்றாவது சங்கதிதான் முக்கியம். யாருக்குப் பக்கத்தில் நிறுத்துகிறோம் என்று பார்க்க வேண்டும். ‘என்னை அடி’ என்று சொல்லத் தெரிந்த பிராணிகள் வேறு பலவும் உண்டு. பார்க் அணிலை எடுத்தார். அவர் படையில் இருந்த கடல் நாகத்துக்கும் நெருப்புப் பருந்துக்கும் மின்சாரம் எமன். அணிலுக்கோ மின்சாரம் சாப்பாடு.

“அப்படியானால் அணிலை ஜெயிக்கவே முடியாதா?” என்றேன்.

“முடியுமே! பூகம்பம் மாதிரி எல்லாரையும் சேத்து அடிக்கிற அடியை அணிலால தன் பக்கம் இழுக்க முடியாது. பூகம்பம் வரும்னு தோணுனா அதைப் பத்திரமா வெளியே எடுத்துடணும். சும்மா சாகக் குடுக்கக் கூடாது.”

திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியப்பா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். “பேராண்டி, இது நம்ம ஆடு புலிதானடா!” என்றார்.

திண்ணைக் கல்லில் அந்தக் காலத்திலேயே செதுக்கிய ஆடு புலி ஆட்டக் கோடு இருக்கிறது. மூன்று புலி, பதினைந்து ஆடு. ஆட்டைத் தாண்டினால் அடுத்த புள்ளி காலியாக இருக்குமானால் புலி வெட்டிவிடும். ஆட்டுக்கோ வெட்டுகிற அதிகாரமே கிடையாது. ஆனாலும் ஆட்டுக்குப் பின்னால் இன்னோர் ஆடு நின்றுவிட்டால் புலிக்குத் தாண்ட இடமில்லை. முன்னால் நிற்கிற ஆட்டின் வீரமெல்லாம் பின்னால் நிற்கிற ஆடுதான். சில சமயம் ஓர் ஆட்டை வேண்டுமென்றே நீட்டி, புலியை மூலைக்கு இழுத்து, மற்ற ஆடுகளால் அடைத்துவிடுவார் பெரியப்பா. மானாவாரிக் காட்டில் ஆடு மேய்த்துப் பழகிய சீமையில் இந்த யுக்தியைக் கற்றுக்கொள்ள ஜப்பானுக்கா போகவேண்டும்?

எனக்கும் ரோசம் வந்துவிட்டது. “அந்த அணிலை என்னிடம் கொடு” என்றேன். பையன் தாராள மனசுக்காரன்; அணில், நாகம் இரண்டையும் கொடுத்துவிட்டு வேறு படையோடு வந்தான். நானும் அவன் செய்தபடியே அணிலைக் கையைத் தூக்கச் சொன்னேன். அடிகள் அணிலின்மேல் விழுந்தன. எதற்கும் பத்திரமாக இருக்கட்டும் என்று அதே சமயத்தில் நாகத்தைக் கவசம் போட்டுக்கொள்ளச் சொன்னேன். அடுத்த தடவை ஒரு சின்ன எதிரியை லேசாகத் தட்டச் சொன்னேன். அதற்குள் அணில் விழுந்துவிட்டது. பின்னாலேயே நாகமும் விழுந்தது. நாலாவது தோல்வி!

“அணில் சரியாத்தானடா வேலை பார்த்தது? பின்னே ஏன் தோத்தேன்?”

பையன் யோசிக்கவே இல்லை. “அணில் அம்புட்டு அடியும் வாங்கிக்கிட்டு இருந்தப்ப உங்க நாகம் என்ன மாமா பண்ணுச்சு? அது வாங்கிக் குடுத்த நேரத்தை நீங்க வீணாக்கிட்டீங்க.”

நேயர்களே, அவன் விளையாட்டைத்தான் சொன்னான். ஆனால் அந்த வார்த்தை என்னை என்னவோ செய்துவிட்டது.

என் தகப்பனார் காலமானபோது எனக்குப் பதினைந்து வயது. அக்காவுக்குப் பத்தொன்பது. தகப்பனார் வைத்துவிட்டுப் போனது ஒரு தையல் மிஷினும் கொஞ்சம் கடனும். ‘பையனை விருதுநகரில் ஏதாவது கடையில் சேர்த்துவிடு’ என்று சொந்தக்காரர்கள் ஏகமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். பெரியப்பாவும் அவர்களில் ஒருவர்தான். இப்போது கேட்டால் சிரிப்பார். கடன்காரர்கள் வாசலுக்கு வந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஆண்பிள்ளை என்று நான் ஒருவன்தானே! நான் எழுந்திருப்பதற்கு முன்னால் அக்கா வாசல்படியில் போய் நின்றுகொள்வாள். “அவன் படிக்கிறான். எதுவானாலும் எங்கிட்டச் சொல்லுங்க” என்பாள். ஏச்சும் பேச்சும் அவளோடு நின்றுவிடும். உள்ளே விளக்கடியில் நான் பாடம் படித்துக்கொண்டிருப்பேன். அப்படித்தான் மதுரைக் கல்லூரிக்குப் போனேன். அப்படித்தான் பத்திரிகை உத்தியோகத்துக்கும் வந்தேன்.

‘என்னை அடி’ என்று கையைத் தூக்குகிற வித்தையை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன் என்று மேலே எழுதினேன் பாருங்கள், அது சுத்தப் பொய்.

அந்தச் சமயத்தில் உள்ளேயிருந்து மறுபடியும், “கண்ணு, ஒரு நிமிஷம்!” என்று குரல் வந்தது. இந்தத் தடவை பையனோடு நானும் எழுந்து போனேன். அக்கா ஊசியையும் நூலையும் தூரத்தில் வைத்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நம் பத்திரிகையின் பழைய இதழ்கள் ஒழுங்காக அடுக்கியிருந்தன.

“எத்தனை நாளாக இப்படி?” என்று கேட்டேன்.

“அது கிடக்குடா. வயசாச்சுல்ல?” என்றாள். பையன்தான் விஷயத்தை உடைத்தான்: “ரெண்டு வருஷமா மாமா. தொடர்கதை கூட நான்தான் வாசிச்சுக் காட்டுறேன். நீங்க எழுதுறதையும்தான்.”

நாற்பது வயதைத் தாண்டினால் கிட்டத்துப் பார்வை குறைவது சர்வ சாதாரணம். கண்ணைப் பரிசோதித்து ஒரு கண்ணாடி போட்டால் தீர்ந்தது. தைத்துப் பிழைக்கிறவளுக்கு அந்தக் கண்ணாடி இரண்டு வருஷமாக இல்லை. ஊர் உலகத்து சமாசாரமெல்லாம் எழுதுகிற அவள் தம்பிக்கு இந்தச் சமாசாரம் தெரியவில்லை. அவள் வாங்கிக் கொடுத்த நேரத்தில் நாகம் நன்றாகக் கவசம் போட்டுக்கொண்டு சென்னையில் உட்கார்ந்திருந்தது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மூன்று பேரும் அருப்புக்கோட்டைக்குப் போனோம். பரிசோதனை முடிந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டதும் அக்கா சுவரில் இருந்த காலண்டரின் சின்ன எழுத்தை எல்லாம் ஒரு வரி விடாமல் படித்தாள். கடைக்காரர் பில்லை எடுத்துக்கொண்டு வந்தார். வழக்கம்போல் அக்கா இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையை எடுத்துக்கொண்டு முன்னால் போனாள்.

நான் குறுக்கே போய் நின்றேன். “அண்ணாச்சி, எதுவானாலும் எங்கிட்டச் சொல்லுங்க” என்றேன்.

அக்கா கண்ணாடிக்குள்ளிருந்து என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பையன், “இப்பத்தான் மாமா ஆட்டம் புரிஞ்சிருக்கு” என்றான்.

இந்த இதழை அவள் தானே படிக்கப் போகிறாள். ஆகையால் ஒரு திருத்தம், நேயர்களே. நாலு தடவை தோற்றேன் என்று எழுதினேன் அல்லவா? உண்மையில் ஆறு.