ஆடித்தபசுக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

சீசனுக்குக் குற்றாலம் வருகிறவர்கள் மெயினருவி, ஐந்தருவி, பார்டர் புரோட்டா என்று முடித்துவிட்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். இதே தென்காசி மாவட்டத்தில், சங்கரன்கோவில் பக்கம் வீரிருப்பில், வெள்ளை வெளேரென்று ஒரு புத்த ஸ்தூபி நிற்பது நம்மூர்க்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது. திறந்தது 2020 பிப்ரவரியில். கட்டியவர்கள் நிப்போன்சான் மியோஹோஜி என்ற ஜப்பானிய பௌத்த சங்கத்தார். அந்தச் சங்கத்தை நிறுவிய நிச்சிதாத்சு பூஜி 1933-இல் வார்தாவில் காந்தியைச் சந்தித்தவர்.

ஞானம் என்றாலே கண்ணை மூடி உட்கார வேண்டும் என்று நினைக்கிறோம். இவர்கள் வழி வேறு. விசிறி மாதிரி கைப்பிடி வைத்த தட்டை மேளத்தைக் குச்சியால் தட்டிக்கொண்டு, தாமரைச் சூத்திரத்தின் பெயரை ஓதியபடியே நடப்பார்கள். எதிரே வருகிறவரைக் கும்பிடுவார்கள்.

அந்தச் சூத்திரத்தில் ஒரு போதிசத்துவர் வருகிறார். கண்ணில் பட்ட எல்லோரையும், நீங்களும் ஒருநாள் புத்தராவீர்கள் என்று வணங்குவார். ஜனங்கள் கோபத்தில் கல்லெறிவார்கள். அவர் எட்டப் போய் நின்று, அங்கிருந்து மறுபடியும் அதையே சொல்வார். எட்டப் போனார் பாருங்கள், எனக்குப் பிடித்த இடம் அதுதான். அடி வாங்கிக்கொண்டு நிற்கவும் இல்லை, மரியாதையை விடவும் இல்லை.

நம்ம பக்கம் யார் யாரைக் கும்பிடலாம் என்பதற்கே தெரு பார்த்துக் கணக்கு வைத்திருக்கிறோம். அந்தக் கணக்கை மறந்து, டீக்கடை பெஞ்சில் எதிரே இருப்பவரை மனசார வணங்குவது பத்து நாள் தியான முகாமைவிடக் கஷ்டம் என்பேன்.

ஆடித்தபசுத் திருவிழாவுக்குச் சங்கரன்கோவில் கோமதியம்மனைப் பார்க்கப் போகிறவர்கள் வீரிருப்புக்கும் ஒரு எட்டு போய்விட்டு வாங்க.